உட்பக்கப் பூச்சு

இழுப்பறை இறுகிக்கொண்டால் எல்லோரும் தச்சனைத்தான் திட்டுவார்கள். ஈரக் காற்றைத் திட்டுகிறவர் யாரும் இல்லை. மரம் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக் காற்றைக் குடித்துக் கொஞ்சம் உப்பும், கொஞ்சம் சுருங்கும். அதனால் சாமானை இறக்கி வைத்ததோடு என் வேலை முடிவதில்லை. மூன்று மாதம் கழித்து நானே போவேன். இழுப்பறைகளை வெளியே எடுத்து, உரசுகிற இடத்தில் இரண்டு இழைப்பு இழைத்து, இழைத்த இடத்தில் பாலிஷைத் தொட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டுத் திரும்புவேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை. எந்த வீட்டிலும் படுக்கையறைக் கதவை என் முகத்தில் சாத்தியதும் இல்லை. அந்த வீட்டுக்குள் எப்படி நுழைந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன். மணியை அடித்தேன், திறந்தார்கள்.

பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மர வேலை என்னுடையது, பாலிஷ் என் தங்கையுடையது. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போனபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து கண்ணை இமை காப்பதுபோல் காத்தேன். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நடுவில் இரண்டு வரன் வந்தது. ஒருவனுக்குக் குடிப்பழக்கம் இருக்கும்போல் தெரிந்தது. இன்னொருவன் பேசும்போது முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு இடத்துக்கும் பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அவளுடைய பாலிஷைப் பற்றி ஒரு வார்த்தை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் நனைத்து, வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். முப்பது கை, நாற்பது கை. சில கட்டிலுக்கு அறுபது கைகூடப் போகும். நான் செய்தது பலகை. அதைப் பார்க்கிறவர்கள் தடவிப் பார்க்க ஆசைப்பட்டது அவளால். எனக்கு அது தெரியாமல் இல்லை. "மாஸ்டர், உங்க வேலை பட்டு மாதிரி இருக்கு" என்று ஆட்கள் சொல்லும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். நானும் திருத்தியதில்லை. ஒரே வீட்டுக்குள் யார் பேர் யாருக்குப் போனால் என்ன?

பத்து வருடத்துக்கு முன் எல்லோருக்கும் கண்ணாடி போலப் பளபளக்கிற சாமான் மேல் மோகம் வந்தது. அந்தப் பாலிஷ் இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பூச்சு, இன்னொன்றில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். இரண்டையும் கலந்து அடிக்க வேண்டும். பாப்பாதான் கலந்தாள். ஒன்றரை வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் டப்பாவைத் திறந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இந்த ஹார்ட்னர் இனிமே இவங்களுக்கு ஆகவே ஆகாது. உடம்பு ஒரு தடவை எதிர்க்க ஆரம்பிச்சா அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் மோசமாகும். அவங்க இருக்கிற இடத்துல அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. உயிரே போயிடும்."

அன்றைக்கே பட்டறையிலிருந்த டப்பாக்களை எல்லாம் அப்புறப்படுத்தினேன். பளபளப்புக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். பாதி வேலை போயிற்று, போகட்டும் என்று இருந்தேன். அரக்குக்கே திரும்பினோம். ஆனால் அந்த நோயோடு அவளுக்கு மூக்கும் போய்விட்டது. ஸ்பிரிட் வாசனைகூடத் தெரியாது. பாலிஷ் காய்ந்துவிட்டதா என்று கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். அவள் கலந்த காலத்தில் நான் பக்கத்தில் நின்று இழைத்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

கண்ணாடிக்காரர் போன வருடம் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாற்பத்தாறு வயது, ஒண்டி ஆள். படுக்கையறைக்கு ஒரு கட்டில், ஓர் அலமாரி வேண்டும் என்று அளவுகோல் வைத்து வரைந்த படத்தோடு வந்தார். மூட்டு எங்கே வர வேண்டும் என்றுகூட அம்புக்குறி போட்டிருந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கட்டில் மூன்றடி அகலம். அலமாரியின் இடது பாதியில் கதவு, வலது பாதியில் நான்கு இழுப்பறை. நான் தலையாட்டி எழுதிக்கொண்டேன்.

வாரம் ஒரு முறை வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க வருவார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பாலிஷ் போடுகிற மூலைக்குப் போய்விடுவார். இரண்டாவது வாரமே அவளிடம், "நீங்க ஏன் பலகைக்கு இவ்வளவு கிட்டப் போறீங்க?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் கண்ணாடி ஒன்று செய்து கொண்டுவந்து அவளுக்குப் போட்டுவிட்டார். "இத்தனை வருஷமா இந்தக் கண்ணோடயா வேலை பார்த்தீங்க?" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னார்.

பாப்பா கண்ணாடியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, உனக்கு இவ்வளவு நரை இருக்கா?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நேற்றுப் பெய்த மழைக்கு முளைத்த காளான், இருபத்தெட்டு வருடம் நான் பார்க்காததைப் பார்த்துவிட்டதாம்.

ஐந்தாவது வாரம் அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தார். "மாஸ்டர், கட்டில் அகலத்தை மட்டும் அஞ்சடி ஆக்கிடலாமா?"

"ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க அஞ்சடி? உருண்டு விளையாடவா?"

அவர் சிரித்தார். அடுத்த வாரம் ஒரு டிரஸ்ஸிங் டேபிளும் வேண்டும் என்றார். தலை வாரிக்கொள்ளக் கைக்கண்ணாடி போதும் என்று முதல் நாள் சொன்ன மனிதர். கண்ணாடியை எந்த உயரத்தில் வைக்க என்று கேட்டேன். உட்காருகிறவரின் கண் மட்டத்துக்கு நடுக்கோடு வர வேண்டும், அதனால் யாரையாவது உட்கார வைத்து அளக்க வேண்டும் என்று நானே என் வாயால் சொன்னேன். பாப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். தரையிலிருந்து அவள் கண் வரை டேப்பைப் பிடித்தேன். நாற்பத்திரண்டரை அங்குலம். பலகையில் பென்சிலால் எழுதினேன். "அதே இருக்கட்டும் மாஸ்டர்" என்றார். பாப்பா தலை நிமிரவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. என்னை வைத்தே அவளுக்கு அளவெடுத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவளே சொன்னாள். "அண்ணா, உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடு. வேணாம்னுடறேன்."

"எனக்கென்ன? உன் இஷ்டம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள். வேண்டாம் என்று அவளாகச் சொல்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நான் வேண்டாம் என்றால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? ஒரு மனிதனுக்கு நல்ல பெயர் வேண்டாமா?

கட்டிலை ஐந்தடிக்கு மாற்றினேன். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல கட்டில். அதை நீங்கள் போய்ப் பார்க்கலாம். தலைமாட்டுப் பலகை ஒரே மரத்தில் அறுத்தது, ரேகை நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஓடும். வெளிப்பக்கம் முழுக்கப் பாப்பா தன் கையால் பாலிஷ் போட்டாள். தன் கட்டிலுக்குத் தானே பாலிஷ் போடுகிற பெண் உலகத்திலேயே நான்தான் என்று பாடாத குறையாகப் போட்டாள். அலமாரியின் உட்பக்கத்தை மட்டும் நான் அவளிடம் கொடுக்கவில்லை. "அங்க பொருத்தின பிறகு நானே முடிச்சிடறேன்" என்றேன்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அவர்கள் அங்கிருந்து வெளியே சாப்பிடப் போனார்கள். நான் சாவியை வாங்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போய் அலமாரியைப் பொருத்தினேன். போகிற வழியில் பெயிண்ட் கடையில் அந்த இரண்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டேன். தச்சன் ஹார்ட்னர் வாங்கினால் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. இழுப்பறைகளின் உட்பக்கத்துக்கும் அலமாரியின் முதுகுப் பலகைக்கும் ஒரு கோட் அடித்து மூடினேன். வாசனை வந்தும் சந்தேகப்படாத கண்ணாடிக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, புதுச் சாமான் என்றால் வாசனை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கோ மூக்கே இல்லை.

அன்று என் மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். இருமுவாள். இந்த வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்துவிடுவாள். அவ்வளவுதான்.

நான்கு மணிக்குத் துணியை அடுக்கினாளாம். ஐந்து மணிக்கு அவர் எனக்குப் போன் செய்தார், அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், நான்தான் மருந்து வாங்கினேன். டாக்டர் தூசியா, பூனையா, புதுப் பெயிண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய கதையைச் சொன்னோம். "வீட்ல அந்த டப்பா எதுவும் இல்லையே?" என்று கேட்டார். "எங்க பட்டறையிலயே அது கிடையாதுங்க டாக்டர்" என்றாள் பாப்பா. உண்மைதானே, பட்டறையில் கிடையாது. மறுநாள் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பதினோரு நாள் இருந்தாள். தலையணையை உயர்த்தி வைத்து, ராத்திரி பகல் பார்க்காமல் சுடுதண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டுப் பார்த்துக்கொண்டேன். "நீ இல்லேன்னா நான் என்னண்ணா ஆவேன்" என்றாள். இதை அவள் வாயால் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சுவர்ப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார். திரைச்சீலையை அவிழ்த்தார். பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பூனையைக் கட்டிப்போடச் சொல்லிச் சண்டை வாங்கினார். அந்த அறையில் அவர் சந்தேகப்படாதது நாங்கள் செய்த சாமான் ஒன்றுதான். ஒரு தடவை என் எதிரிலேயே, "இந்த அலமாரியையும் மாத்திப் பார்த்துடலாமா, மச்சான்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பாப்பாவுக்குத்தான் கோபம் வந்தது. "எங்கண்ணன் செஞ்சதுங்க அது. நான் என் கையால பாலிஷ் போட்டிருக்கேன். வீட்ல எதை வேணா தூக்கிப் போடுங்க, அதை மட்டும் தொடாதீங்க" என்றாள்.

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் திரும்பிப் போனாள். பூச்சு காய்ந்து இறுகிவிட்டால் அதில் விஷம் இல்லை. அவளும் நன்றாகவே இருந்தாள். மூன்று மாதம் ஆனது. வழக்கம்போல் இழுப்பறை பார்க்கப் போனேன், ஒரு கோட் அடித்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். இதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று அவர் வேறு வீடு பார்த்தார். நல்ல காற்று வருகிற இரண்டாவது மாடி. சாமான்களைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே பொருத்திக் கொடுத்ததும் நான்தான். அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புது வீட்டில் மரம் பழக மூன்று மாதம் வேண்டும்.

இதையெல்லாம் நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். கண்டுபிடித்தது கண்ணாடிக்காரர். அவள் கண்ணை மூடி ஒன்பதாம் நாள், அவளுடைய துணியை எடுக்க இழுப்பறையைத் திறந்தவர் அப்படியே நின்றிருக்கிறார். பக்கப் பலகையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்ததாம். அரக்குப் பாலிஷ் துணியால் தேய்ப்பது, அது வழியாது. பாப்பா பாலிஷ் போடுவதை வாராவாரம் உட்கார்ந்து பார்த்த மனிதர், அதனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, இழுப்பறையைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறொரு பாலிஷ்காரரிடம் போயிருக்கிறார். அவர் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தாராம். அரக்காக இருந்தால் கரைந்து துணியில் ஒட்டும். கரையவில்லை. "இது ரெண்டு டப்பா பாலிஷுங்க, அடிச்சு மாசம்கூட ஆகலை" என்றிருக்கிறார். அப்படி ஒரு சொட்டு வழிய விட்டது என் கை என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவசர வேலை.

அந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். போகாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. அவளேதான் போன் செய்தாள். "அண்ணா, மூணாவது டிராயர் இறுகிக்குது, வந்து பாரேன்" என்றாள். மத்தியானம் மூன்று மணி. அவர் கடையில் இருந்தார். துணியை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டு வைத்திருந்தாள். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து, நான் பார்த்து வெகு காலமான பாப்பாவாக இருந்தாள். புது மருந்து ஒன்று கொடுத்திருக்கிறார்களாம், மாடி ஏறினால்கூட இரைக்கவில்லையாம். நான் இழைத்துக்கொண்டிருந்தேன், அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ணா. இனிமே எனக்கு உடம்புக்கு வந்தாலும் அங்க உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதே. அவரு பாவம், ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துப் பிழைக்கறாரு. எதுவானாலும் இங்கயே நாங்க பார்த்துக்கறோம்."

"சரிம்மா."

"பட்டறைக்கும் வேற ஒரு பாலிஷ்காரரைப் பார்த்துக்கோ. கோவிச்சுக்காதே."

"இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

டீக்குப் பால் இல்லை, கீழே போய் வாங்கி வருகிறேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். பையில் டப்பா இருந்தது. ஒரு கோட் அடித்தேன். ஒரு கோட்டுக்கு இருமுவாள், வருவாள் என்று இதுவரை கணக்கு. இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளே. அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தேன். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னது அப்போது எனக்கு மறந்திருக்கவில்லை. நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். தெரிந்துதான் அடித்தேன். தூசி வரும் என்று ஜன்னலையும் சாத்தினேன்.

அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தேன். "டிராயர் சரியாயிடுச்சு, துணியை அடுக்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது இழுப்பறை கீழே இருப்பது, மண்டி போட்டுக் குனிந்துதான் அடுக்க வேண்டும். மாடிப்படியில் முதல் திருப்பத்துக்கு வரும்போது இருமல் கேட்டது. நின்றேன். வாசல் கதவு பூட்டியிருக்கவில்லை, எனக்குப் பத்துப் படி ஏறினால் போதும். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று உங்களுக்குப் புரியும். சின்ன வயதிலிருந்து எது என்றாலும் அவள் வாயில் முதலில் வருவது அண்ணாதான்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை. அவர் கடையில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். நான் இப்போதுதான் இறங்கினேன் என்பதும் தெரியும்.

நான் இறங்கிப் போய்விட்டேன். என்னைக் கூப்பிட்டிருந்தால் ஓடிப் போயிருப்பேன். எந்த அண்ணன் போகாமல் இருப்பான்?